அதே மரம், வேறு ஆள்: பூங்காக்களின் இயற்கையைக் கண்காணிக்கும் திட்டத்தை நடத்துவது எப்படி?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை ஒட்டிய மலைகளில் ஏறிக்கொண்டே போனால் மரங்கள் குட்டையாகி, காற்றடித்த பக்கம் வளைந்து நிற்கும். இதற்கு மேல் மரமே கிடையாது என்கிற எல்லைக்குச் சற்றுக் கீழே ஒயிட்பார்க் பைன் மரங்கள் இருக்கும். வெளிறிய பட்டை, அதனால் அந்தப் பெயர். அங்கே காட்டுக்குள் சில இடங்களில் 50 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமாக நிலத்துண்டுகளை அளந்து வைத்திருக்கிறார்கள். துண்டுக்குள் 1.4 மீட்டர் உயரத்தைத் தாண்டிய ஒயிட்பார்க் பைன் ஒவ்வொன்றிலும் எண் பொறித்த ஒரு சின்னத் தகடு இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்கள் வந்து, தகட்டு எண்ணைச் சரிபார்த்து, அடியிலிருந்து உச்சி வரை மரத்தைப் பார்ப்பார்கள். தேடுவது ஒரு பூஞ்சை நோயை. கொப்புளத் துருநோய் என்று சொல்லலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு கப்பலேறி, 1900-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவுக்குள் புகுந்தது. பட்டையில் ஆரஞ்சு நிறக் கொப்புளம் தெரிந்தால் சந்தேகமே இல்லை, நோய் என்று எழுதிவிடலாம். ஆனால் கொப்புளம் எல்லா நாளும் தெரியாது. அப்போது வேறு ஐந்து அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: கிளை நுனி மட்டும் செம்பழுப்பாகக் காய்ந்திருப்பது, அணில் மாதிரியான பிராணிகள் பட்டையைக் கொறித்த தடம், பிசின் வடிவது, வீக்கம், பட்டை சொரசொரப்பாகிப் போவது. ஐந்தில் குறைந்தது மூன்று ஒரே இடத்தில் இருந்தால்தான் நோய்ப் புண் என்று எழுதலாம். இரண்டுதான் இருக்கிறது, ஆனால் பார்ப்பவருக்கு மனதில் உறுதியாகப் படுகிறது என்றால்? எழுதக் கூடாது.

பார்க்கிறவருக்கு இருபது வருட அனுபவம் இருக்கலாம், அவர் கணிப்பு சரியாகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் ஏன் இந்தக் கறார்? 2004-இல் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் எல்லாரும் இன்றும் அதே மலையில் ஏறிக்கொண்டிருக்க மாட்டார்கள். நான்கு வருடம் கழித்து அதே மரத்தின் முன் நிற்பது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவியாக இருக்கலாம். அவர் எழுதும் எண் பழைய எண்ணிலிருந்து வேறுபட்டால், மாறியது மரமா, ஆளா? இந்தக் கேள்விக்கு முப்பது வருடம் கழித்தும் ஒருவர் தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். ஒரு வட்டாரத்துப் பூங்காக்களின் இயற்கையைக் கண்காணிக்கும் திட்டத்தை நடத்துவது என்றால், சுருக்கமாக, அதற்கு ஏற்பாடு செய்வதுதான். மற்ற வேலையெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். என்ன இருக்கிறது என்று ஒருமுறை கணக்கெடுப்பது இருப்புக் கணக்கு. இந்தப் பூங்காவில் எத்தனை வகைப் பறவை, என்ன மண், எந்தெந்த ஏரி என்பதெல்லாம் அதில் வரும். இருப்பது கூடுகிறதா குறைகிறதா என்று திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அளப்பது கண்காணிப்பு. ஆராய்ச்சி என்பது மூன்றாவது. அது ‘ஏன்’ என்று கேட்கும், பதில் கிடைத்ததும் முடிந்துவிடும். கண்காணிப்புக்கு முடிவே கிடையாது. அதனால்தான் அதற்குப் பணம் கேட்பதும் கஷ்டம்.

அமெரிக்காவிலேயே இது லேசில் வந்துவிடவில்லை. முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-இல் பிறந்தது. பூங்காக்களை நிர்வகிக்கும் தேசியப் பூங்கா சேவை 1916-இல் வந்தது. சாலை, விடுதி, கூட்டம் என்று எல்லாம் வளர்ந்தன. இயற்கையைப் பற்றிய அறிவு மட்டும் கண்மதிப்பில் ஓடியது. யெல்லோஸ்டோனில் குப்பைமேட்டுக்கு வரும் கரடிகளைப் பார்க்க இருக்கை போட்டுக் கொடுத்த காலமும் உண்டு. ஓநாய்களைக் கொன்று 1926 வாக்கில் ஒழித்துக்கட்டியதும் பூங்கா ஆட்கள்தான். 1963-இல் வனவிலங்கு அறிஞர் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையிலான குழுவும் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் தனித்தனியே அறிக்கை கொடுத்தன. அறிவியல் இல்லாமல் பூங்காவை நடத்த முடியாது என்பதே இரண்டின் சாரமும். இது சட்டமாக இன்னும் 35 ஆண்டு ஆயிற்று. பூங்காவில் உள்ளவற்றின் அடிப்படை நிலையைப் பதிவு செய், நீண்டகாலப் போக்கைக் கண்காணி என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மறு ஆண்டே அதற்குத் தனி நிதி முயற்சியும் தொடங்கியது.

இந்தச் சட்டத்துக்கு முன்பே கலிஃபோர்னியாக் கரையை ஒட்டிய சேனல் தீவுகள் தேசியப் பூங்காவில் சிலர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே 1982-இலிருந்து கடலடிக் கெல்ப் காட்டை ஆண்டுதோறும் முங்கிப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். கெல்ப் என்பது மரம் போல் உயர்ந்து வளரும் கடற்பாசி. அந்தப் பூங்காவின் விஞ்ஞானி கேரி டேவிஸ் இதற்கு மருத்துவத்திலிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொண்டார்: உயிர்க்குறிகள். ஆஸ்பத்திரியில் நம்மை உட்காரவைத்து நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பார்கள் இல்லையா, அது மாதிரி. நாடி பார்த்தே எல்லா நோயையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இன்று இந்தத் துறை முழுக்க அந்தச் சொல்தான் புழங்குகிறது.

உவமை எவ்வளவு பொருத்தம் என்பது அதே பூங்காவில், ஒரு நரி விஷயத்தில் தெரிந்தது.

சேனல் தீவுகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன நரி வகை உண்டு. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். 1993-லிருந்து ஆண்டுதோறும் கூண்டு வைத்துப் பிடித்து, அடையாளமிட்டு, விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்கள். சான் மிகேல் தீவில் 1994 வாக்கில் ஏறக்குறைய 450 நரிகள் இருந்தன. 1999-இல் 15. பக்கத்துத் தீவுகளிலும் இதே சரிவு. எண்ணாமல் இருந்திருந்தால் கடைசி நரி போன பிறகுதான் தெரிந்திருக்கும். ஒதுக்குப்புறத் தீவில் ஒரு சின்னப் பிராணி குறைந்துவிட்டது என்று யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

ஆனால் எண்ணிக்கை காரணம் சொல்லவில்லை. நோயா, உணவில்லையா, வேறென்ன? நரிகளுக்கு ரேடியோப் பட்டை கட்டி, செத்தவற்றைத் தேடிப் போனபோதுதான் பொன்னாங்கழுகு தின்கிறது என்று புரிந்தது. பொன்னாங்கழுகு அந்தத் தீவுகளில் முன்பு கூடு கட்டியதில்லை. அங்கே இருந்தது மீன் தின்னும் வெண்தலைக் கழுகு. டிடிடி பூச்சிமருந்து அதன் முட்டையோட்டை மெல்லியதாக்கி, அந்தக் கழுகையே தீவுகளிலிருந்து இல்லாமல் ஆக்கியது. இடம் காலி. சாந்தா குரூஸ் தீவில் காட்டுப்பன்றிகளாகிப் போன வளர்ப்புப் பன்றிகளின் குட்டிகள் பொன்னாங்கழுகுக்கு ஆண்டு முழுக்கச் சாப்பாடு. வந்த கழுகு நரியையும் சேர்த்துத் தின்றது. அப்புறம் நடந்ததெல்லாம் பெரிய வேலை: நரிகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள், பொன்னாங்கழுகுகளை உயிரோடு பிடித்துப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள், பன்றிகளை ஒழித்தார்கள், வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2004-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறிய நரி, 2016-இல் பட்டியலிலிருந்து இறங்கியது. அந்நாட்டில் எந்தப் பாலூட்டியும் இவ்வளவு சீக்கிரம் மீண்டதில்லை.

இதை எல்லாரும் வெற்றிக்கதையாகத்தான் சொல்வார்கள், சரிதான். எனக்கு அதில் உறுத்துவது நடுவிலுள்ள ஐந்து வருடம். எண் சரியத் தொடங்கியதற்கும் நரிகளைக் கூண்டில் அடைத்துக் காப்பாற்றத் தொடங்கியதற்கும் இடையே அவ்வளவு காலம் ஓடியது. எந்த எண் வந்தால் யாரிடம் போய் என்ன சொல்வது என்பதை எண்ணத் தொடங்கும்போதே முடிவு செய்து வைக்க வேண்டும் என்று இந்தத் துறையில் இன்று வற்புறுத்துவது இந்த மாதிரி அனுபவங்களால்தான்.

சரி, இதில் ‘வட்டாரம்’ எங்கே வருகிறது? அமெரிக்காவில் பூங்கா சேவையின் கீழ் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. இயற்கை வளம் குறிப்பிடும்படி இருக்கும் 270-க்கும் மேற்பட்ட பூங்காக்களை 32 நெட்வொர்க்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தது மாநில எல்லைப்படி அல்ல, நிலமும் தட்பவெப்பமும் ஒத்திருப்பதைப் பார்த்து. ராக்கி மலை நெட்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டானாவில் கனடா எல்லையைத் தொடும் கிளேசியர் தேசியப் பூங்கா அதில் ஒன்று. அதன் பரப்பு ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர். அதே நெட்வொர்க்கில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்கள நினைவிடமும் இருக்கிறது. 1876-இல் லகோட்டா, செயன் பழங்குடி மக்கள் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படையைத் தோற்கடித்த இடம் அது. பரப்பு 765 ஏக்கர். பழைய மாட்டுப்பண்ணையான கிராண்ட்-கோர்ஸும் அதே குடும்பம்.

கிளேசியருக்கு விஞ்ஞானிகள் உண்டு. போர்க்கள நினைவிடத்துக்கு ஒரு தாவரவியலாளரையும் ஒரு நீரியலாளரையும் ஒரு தரவு நிபுணரையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஆனால் அங்கேயும் புல்வெளி இருக்கிறது, அந்நியக் களை நுழைகிறது. ஆகவே ஒரே குழு, பல பூங்கா. ஒரு வாரம் இங்கே புல் அளப்பார்கள், அடுத்த வாரம் அங்கே. இன்னொரு லாபமும் இருக்கிறது: ஒரே முறையில் அளப்பதால், களை ஒரு பூங்காவில் மட்டும் பெருகுகிறதா, வட்டாரம் முழுக்கவா என்று சொல்லலாம். முதலாவது என்றால் அந்தப் பூங்கா எதையோ தவறாகச் செய்கிறது. இரண்டாவது என்றால் பூங்காவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இந்த ஒட்டுக்குடித்தனத்தை நடத்துபவர்தான் திட்ட மேலாளர். அவருக்குக் கீழே சூழலியலாளர்கள், ஒரு தரவு மேலாளர், கோடைக்கு மட்டும் வரும் களப்பணியாளர்கள். மேலே ஒரு நிர்வாகக் குழு. அதில் உறுப்பினர்கள் யாரென்றால் அந்தந்தப் பூங்காவின் தலைமை அதிகாரிகள். பூங்காக்களில் இயற்கை வளப் பிரிவைப் பார்ப்பவர்கள் தனியாகத் தொழில்நுட்பக் குழுவாக உட்காருவார்கள். அதாவது மேலாளருக்கு ஆறேழு முதலாளிகள். ஒவ்வொருவருக்கும் தன் பூங்காவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அவருடைய முதல் வேலை, என்னைக் கேட்டால் மிகக் கடினமான வேலை, எதை அளக்கப் போவதில்லை என்று முடிவு செய்வது. எதையெல்லாம் அளக்கலாம் என்று வட்டாரத்து நிபுணர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் பட்டியல் நூற்றுக்கணக்கில் போகும். தவளைக்காரர் தவளை என்பார், பறவைக்காரர் பறவை என்பார், பாசிக்காரரும் ஒருவர் இருப்பார். எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். பணமோ பத்துப் பன்னிரண்டுக்குத்தான் காணும். எது மாறினால் மற்றதெல்லாம் மாறும், எதை நம்பகமாக அளக்க முடியும், எந்த முடிவைப் பூங்கா நிஜமாகவே பயன்படுத்தும் என்று மதிப்பெண் போட்டுக் குறைப்பார்கள். பார்வையாளர்களுக்குப் பிடித்த பெரிய விலங்கு சில சமயம் பட்டியலில் இருக்காது. ஓடைத் தண்ணீரின் வெப்பநிலை இருக்கும். கூட்டத்தில் அதைச் சொல்லும்போது முகங்கள் தொங்கிப் போகும். ஆனால் ஓடை வெப்பமானி இருபது வருடம் பேசாமல் வேலை பார்க்கும்.

அடுத்தது, எங்கே அளப்பது. இங்கேதான் ஆரம்பத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். சாலைக்குப் பக்கத்தில், போகச் சுலபமான இடத்தில், மரம் அழகாக இருக்கிற இடத்தில் துண்டு போடத் தோன்றும். அப்படிப் போட்டால் அந்த எண் சாலையோரத்துக்கு மட்டுமே பொருந்தும். அதை வைத்துக்கொண்டு முழுக் காட்டைப் பற்றிப் பேச முடியாது. எனவே இடத்தைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி எடுக்க வேண்டும். அதே சமயம் சீட்டெல்லாம் ஒரே மூலையில் விழாமல் நிலப்பரப்பில் பரவலாகவும் விழ வேண்டும். அதற்கென்றே கணித முறை இருக்கிறது. சீட்டு செங்குத்துப் பாறையில் விழுந்தால் ஆளை அனுப்ப முடியாது, விட்டுவிடலாம். ஆனால் அறிக்கையில், “இது பாறைச் சரிவுகளைப் பற்றிச் சொல்லாது” என்று எழுதிவிட வேண்டும்.

எத்தனை இடம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது அடுத்த கணக்கு. ஓர் ஏரியின் தெளிவு, பனியும் மழையும் கூடக்குறையப் பெய்வதால் ஆண்டுக்கு ஆண்டு 10 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான சரிவு ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான். மூன்று வருடம் அளந்துவிட்டு ஏரி கெட்டுப்போகிறது என்றாலும் ஜோசியம்தான், நன்றாக இருக்கிறது என்றாலும் ஜோசியம்தான். பத்துப் பதினைந்து வருடம் போனால்தான் சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்கத் தொடங்கும். இதை நிர்வாகக் குழுவிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில், “இவ்வளவு செலவழித்து என்ன கண்டீர்கள்?” என்று கேட்பார்கள்.

யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் ஒயிட்பார்க் பைனுக்கு 176 துண்டுகள். எல்லாவற்றையும் ஒரே கோடையில் பார்க்க முடியாது. பனி உருகி, மறுபடி பனி விழுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அதனால் நாலு கூறாகப் பிரித்து ஆண்டுக்கு ஏறக்குறைய 44 துண்டு என்று வைத்துக்கொண்டார்கள். நாலு வருடத்தில் ஒரு சுற்று. முதல் சுற்றின் முடிவில், வட்டாரத்தில் ஐந்தில் ஒரு மரத்துக்கு நோய் என்ற மதிப்பீடு வந்தது. பின்னால் வருவதை ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை அதுதான். இதற்கிடையில் மலைப் பைன் வண்டு பெருகி வந்து மரங்களைக் கொல்லத் தொடங்கியது. துருநோய் ஆமை வேகம், வண்டு அப்படியல்ல. நாலு வருடம் காத்திருந்தால் எப்போது செத்தது, எதனால் செத்தது என்றே தெரியாது. எனவே நோய்ப் பார்வையைப் பழைய சுற்றிலேயே விட்டுவிட்டு, வண்டுக்கும் சாவுக்கும் மட்டும் இடையில் கூடுதலாக ஒரு பார்வை சேர்த்தார்கள். பழைய தொடர் அறுபடவில்லை, புதிய கேள்விக்கும் பதில் கிடைத்தது. திட்டத்தை மாற்றுவது என்றால் இப்படித்தான் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் கட்டிப்போடுவது செய்முறைக் கையேடு. கையேடு என்றால் நாலு பக்கம் என்று நினைக்காதீர்கள். முதல் பகுதி ஏன், எங்கே, எப்போது என்பதை விளக்கும். அதன் பின்னால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நடைமுறைத் தாள்கள்: களத்துக்குப் போகுமுன் பையில் எடுத்துவைக்க வேண்டியது, துண்டின் மூலைகளைக் கண்டுபிடிப்பது, மரத்தின் விட்டத்தை எந்த உயரத்தில் அளப்பது, மரம் சரிவில் நின்றால் எந்தப் பக்கம் நின்று அளப்பது, தகடு விழுந்திருந்தால் என்ன செய்வது. கடைசியில் மாற்றப் பதிவேடு: எந்தத் தாளில், எந்த தேதியில், யார், எதை, ஏன் மாற்றினார்கள்.

எழுதாமல் விட்டால் எங்கே உதைக்கும் என்பதற்கு விட்டம் அளப்பதே போதும். மேட்டுப் பக்கம் நின்று அளந்தால் நாடா மரத்தின் மேலே போகும், பள்ளத்துப் பக்கம் நின்றால் கீழே வரும். கீழே போகப் போக மரம் பருத்திருக்கும். ஒரு வருடம் ஒருவர் மேட்டுப் பக்கம், அடுத்த சுற்றில் இன்னொருவர் பள்ளத்துப் பக்கம் என்று அளந்தால் வளராத மரம் வளர்ந்துவிடும். அதற்கடுத்த சுற்றில் சுருங்கியும் போகும். கையேடு இதை ஒரு வரியில் தீர்த்துவிடும். இருந்தாலும் ஆட்களை முழுக்க நம்பிவிடுவதில்லை. சில துண்டுகளில் இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அதே மரங்களைப் பார்ப்பார்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கணக்கு வைப்பார்கள். அந்த வேறுபாட்டைவிடச் சிறிய மாற்றம் எதுவும் மரத்தின் மாற்றம் ஆகாது.

ஒருநாள் கருவி மாறும், முறை மாறும். மாறத்தான் செய்யும். அப்போது பழையதையும் புதியதையும் கொஞ்ச காலம் சேர்த்தே ஓட்டி, இரண்டுக்கும் உறவு என்ன என்று பார்த்துவிட்டுப் பழையதை விட வேண்டும். பட்ஜெட் இடிக்கும்போது இந்தக் கொஞ்ச காலத்தைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். மேலாளர் விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களில் இது ஒன்று.

தரவுக்கு வருவோம். இந்த நெட்வொர்க்குகளைத் தொடங்கும்போதே பணத்திலும் ஆள்நேரத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தரவைப் பராமரிக்கவே ஒதுக்கச் சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு இது வீண் செலவாகத் தெரியும். மலைக்கு இன்னொரு ஆளை அனுப்பலாமே! ஆனால் அனுபவம் வேறு சொல்கிறது. பூங்காக்களில் பழைய கணக்கெடுப்புகள் நிறைய நடந்திருக்கின்றன. எடுத்தவர் ஓய்வு பெற்றார், நோட்டு அவர் மேசையிலேயே தங்கியது. இல்லையென்றால் கோப்பு இருக்கும், அதில் “உயரம்: 12” என்று இருக்கும். அடியா மீட்டரா என்று யாருக்கும் தெரியாது. அலகு எழுதாத எண் எண்ணே அல்ல.

ஆகவே களத்தில் எழுதியது அன்று இரவே நகலாகும். அலுவலகம் வந்ததும் கணினி சோதிக்கும்: செத்ததாகப் பதிவான மரம் இந்த ஆண்டு எப்படி உயிரோடு இருக்கிறது? விட்டம் எப்படிக் குறைந்தது? ஒவ்வொன்றையும் எழுதியவரிடமே கேட்டுத் தீர்க்க வேண்டும். கோடை ஆட்கள் செப்டம்பரில் கிளம்பிவிடுவார்கள், அதற்கு முன் கேட்டாக வேண்டும். தாவரங்களின் அறிவியல் பெயர்கள் வேறு மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஒரே இனம், இன்று இரண்டு என்பார்கள். பழைய பெயரை அழிக்காமல் புதிய பெயரை அதோடு இணைக்க வேண்டும். கடைசியில் எல்லாம் பூங்கா சேவையின் இர்மா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போகும். பொதுமக்களும் எடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் அல்ல. அழியும் ஆபத்திலுள்ள உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது போன்ற தகவலை மறைத்து வைக்க அதே 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அரிய செடி இருக்கும் இடத்தைத் திருடனுக்கு நாமே வழிகாட்டக் கூடாது அல்லவா?

ஆள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் ஆள் தேடுவது, வசந்தத்தில் பயிற்சி, கோடையில் களம், இலையுதிர்காலத்தில் தரவு, மறுபடி குளிர்காலத்தில் அறிக்கை. வருடம் இப்படித்தான் சுழலும். அரசு வேலைக்கு ஆள் எடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஜூன் மாதத்துக்கான ஆளை முந்தைய குளிரிலேயே தேடத் தொடங்க வேண்டும். கரடி வந்தால் அடிக்க மிளகாய்க் காரத் தெளிப்பான், தினமும் மாலையில் ரேடியோவில் ஆஜர் சொல்வது, மின்னல் வந்தால் முகட்டிலிருந்து இறங்குவது எல்லாம் பயிற்சியில் வரும். 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துக்குள் வரும் பகுதிகளில் மோட்டார் கருவி எடுத்துப் போவதற்கும் ஹெலிகாப்டர் இறக்குவதற்கும் தனியாகக் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். மரத்தில் அடிக்கும் தகடுகூட அங்கே கேள்விக்குரியதுதான். மனிதன் கைபடாத காடு என்று தேடி வருபவர் கண்ணில் எண் பலகை பட்டால் என்ன நினைப்பார்? காட்டைப் பாதுகாக்க அளக்கிறோம், அளப்பதே காட்டில் ஒரு தடம். இந்தப் பேச்சை மேலாளர் ஒவ்வொரு புதிய துண்டுக்கும் பேசியாக வேண்டும்.

முடிவைச் சொல்வதும் ஒரு வேலை. எண்பது பக்க அறிக்கையைப் பூங்காத் தலைமை அதிகாரி படிக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு அன்று காலை பாலம் இடிந்திருக்கும். எனவே இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றும் எழுதுவார்கள்: என்ன அளந்தோம், என்ன மாறியது, எவ்வளவு நிச்சயம், உங்களுக்கு இதில் என்ன வேலை இருக்கிறது. பெரிய அறிக்கை வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேள்வி வந்தால் காட்ட அது இருந்தாக வேண்டும்.

கண்காணிப்பின் அருமை பெரும்பாலும் எதிர்பாராத வருடத்தில்தான் தெரிகிறது. 2005-இல் கரீபியக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. வர்ஜின் தீவுகளின் பூங்காக்களில் பவளப்பாறைகள் வெளுத்தன. அங்கிருந்த நெட்வொர்க் பல வருடமாக அதே பாறைகளை அளந்து வந்ததால் வெளுத்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தது. வெளுத்த பவளம் ஓரளவு தேறியது. அதற்கப்புறம் வந்த நோய்தான் பெருவாரியாகக் கொன்றது. உயிருள்ள பவளப் பரப்பில் பாதிக்கும் மேல் போயிற்று. முன்னும் பின்னும் எண் இல்லாதிருந்தால், சூட்டில் செத்தது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார்கள்.

ஒயிட்பார்க் பைனை அமெரிக்க அரசு 2022 டிசம்பரில் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. கண்காணிப்பு அதனால் நின்றுவிடவில்லை. வண்டு பெரும்பாலும் பெரிய மரங்களைத்தான் கொன்றிருக்கிறது. காய் காய்ப்பவையும் அவைதான். அதன் விதைகளைக் கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை மண்ணில் புதைத்து வைக்கும், கொஞ்சத்தை மறந்துவிடும். மறந்தது முளைக்கும். கோடையில் துண்டுக்குப் போகும் ஆட்கள் பட்டுப்போன மரத்தின் எண்ணுக்கு எதிரே செத்தது என்று எழுதிவிட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு சிறிய மரங்களிடம் போவார்கள். போன சுற்றில் இடுப்பளவு இருந்த ஒன்று இப்போது 1.4 மீட்டரைத் தாண்டியிருந்தால், பையிலிருந்து ஒரு புதுத் தகட்டை எடுத்துக் கட்டி, பட்டியலின் கடைசியில் அதன் எண்ணைச் சேர்ப்பார்கள்.